குப்பைக்கீரை நின்ற இடம் எது?



இந்த முறை சுகாதாரப் பகுதியில் ரத்தக் கொதிப்பும் இல்லை, கொலஸ்ட்ராலும் இல்லை. லயத்துக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகை ஓரத்தில், குப்பை கொட்டும் மேட்டில், யாரும் விதைக்காமல் தானே முளைத்து நிற்கிறதே குப்பைக்கீரை, அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். "போயும் போயும் குப்பைக்கீரையா? டிரெஸர் ஐயாவுக்கு எழுத வேற ஒண்ணும் கெடைக்கலியா?" என்று சிலர் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் படித்து முடித்துவிட்டுச் சிரியுங்கள்.

டுரியான் துங்கால், மச்சாப், காடேக் பக்கத்துத் தோட்டங்களில் மருந்துக்கட்டு வேலை பார்த்தவன் நான். காலைப் பெரட்டு முடிந்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து உட்காரும் பெண்களின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். "தலை சுத்துது ஐயா, மரத்துக்கு மரம் நடக்க முடியல" என்பார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பேன். கூடவே "கீரை சாப்பிடும்மா" என்றும் சொல்வேன். அப்படிச் சொன்னது சரிதான். ஆனால் ஒரு கேள்வியை அன்று நான் கேட்கத் தவறிவிட்டேன். அந்தக் கீரையை எந்த இடத்தில் பறிக்கிறாய் என்பதுதான் அந்தக் கேள்வி. இந்தக் கட்டுரை முழுவதும் அதற்காகத்தான்.

முதலில் செடியைத் தெரிந்துகொள்வோம். தண்டுக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை, பாசாரில் கட்டுக் கட்டாக விற்கும் பாயாம், சிவப்பாக இருக்கும் பாயாம் மேரா எல்லாம் அமராந்தஸ் என்ற ஒரே இனத்துப் பிள்ளைகள். குப்பைக்கீரைக்கு அமராந்தஸ் விரிடிஸ் என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். கணுவுக்குக் கணு இரண்டு முள்ளை வைத்துக்கொண்டு மாடு மேயும் வெளியில் நிற்பது முள்ளுக்கீரை. மலாய்க்காரர்கள் அதைப் பாயாம் டூரி என்பார்கள். முள் முற்றுமுன் கிள்ளினால் அதுவும் சட்டிக்கு ஏற்றதுதான். இந்த முள்ளுக்கீரைக்குத் தாய்நாடு அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகள். நம் பாட்டன் பூட்டனைப் போல அதுவும் கடல் கடந்து வந்து குடியேறியதுதான்! பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாயாம் என்றால் 'ஸ்பினாச்' என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். பாப்பாய் டின்னைப் பிழிந்து விழுங்குகிறானே, அந்தக் கீரை இதற்குத் தூரத்துச் சொந்தம். செடி வேறு.

குப்பைக்கீரையை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. இலையின் நுனி கூராக முடியாது. சற்றே உள்வாங்கி, நகத்தால் கிள்ளிவிட்டது போல ஒரு சின்ன வெட்டு இருக்கும். காம்பு நீளமாக இருக்கும். கொண்டையில் பச்சை நிறப் பூங்கதிர் நீட்டிக்கொண்டிருக்கும். முள் இருக்காது, ஒடித்தால் பால் வராது.

ஆனால் பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. குப்பைமேனி என்று ஒன்று இருக்கிறது. அதுவும் குப்பையில்தான் வளரும், பெயரும் ஏறக்குறைய ஒன்றுதான். அதன் இலை ஓரம் அரம் மாதிரி பல் பல்லாக இருக்கும். வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து விழுந்து புரளும். தோலுக்குப் பூசும் நாட்டு மருந்து அது. கீரையாகச் சமைக்கும் சாமான் அல்ல. நம் நாட்டில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தம் எடுத்து ஜி-6-பி-டி சோதனை செய்கிறார்களே, அந்தக் குறை உள்ளவர்கள் குப்பைமேனியைக் குடித்தால் ரத்தச் சிவப்பணு உடைந்து, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போகும். இலங்கையில் குப்பைமேனி சேர்த்த இலைக்கஞ்சி குடித்து அப்படி ஆனவர்களைப் பற்றி டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பேத்தியைக் கீரை பறிக்க அனுப்பும் பாட்டிமார்கள் ஒரு தரம் கூடப் போய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடுங்கள்.

சரி, இது வளரும் இடத்துக்கு வருவோம். பலரும் இதைக் 'காட்டுக்கீரை' என்கிறார்கள். காட்டுக்குள் போய்த் தேடிப் பாருங்கள், ஒரு கிள்ளுக்கூடக் கிடைக்காது. இந்தச் செடிக்கு நல்ல வெயில் வேண்டும், கிளறிய மண் வேண்டும், உரம் வேண்டும். கரும்பும் சோளமும் போல, சுள்ளென்ற வெயிலைப் பிடித்துத் தின்று வேகமாக வளரும் ஜாதி இது. செம்பனை மட்டை கவிந்து நிழல் கட்டிவிட்ட இடத்தில் இதைப் பார்க்க முடியாது. பெரிய கித்தா மரத்தடியிலும் கிடையாது. மறுநடவுக்கு மரம் தள்ளி மண்ணைப் புரட்டிப் போட்ட புதிதில் வரும். மூடுகொடி படர்ந்ததும் போய்விடும். ஆனால் லயத்து வாசல், கோழிக் கூட்டின் பின்புறம், துணி துவைக்கும் கல்லின் ஓரம், மாட்டுச் சாணி குவியும் இடம், லோங்காங்குக் கரை, இங்கெல்லாம் கேட்காமலே வரும். விதை கடுகைவிடச் சிறியது, கறுப்பாகப் பளபளக்கும். முள்ளுக்கீரைச் செடி ஒன்று ஒரு லட்சத்துக்கும் மேல் விதை போடக் கூடியது. அந்த விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் தூங்கும். என்றைக்கு மண்வெட்டி பட்டு வெளிச்சம் தெரிகிறதோ அன்றைக்குக் கண் விழிக்கும்.

ஆகவே இது மனிதன் குடியிருக்கும் இடத்துக் கீரை. நாம் கொட்டும் சாம்பல், சாணி, சோற்றுக் கஞ்சி, இவைதான் இதற்குச் சாப்பாடு. நாம் இருந்தால் அது இருக்கும்.

மலாக்கா மண்ணுக்கு இது இன்னும் பொருந்தும். மலாயாவில் வியாபாரத்துக்காகக் கித்தா மரத்தை முதன்முதலில் நட்டவர் டான் சாய் யான். 1896-இல், இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அதற்கு முன்பே இங்கே மரவள்ளித் தோட்டங்கள் இருந்தன. காடு வெட்டி, மண் புரட்டி, ஆள் குடிவைத்த இடமெல்லாம் குப்பைக்கீரைக்குச் சொந்த ஊராகிவிட்டது. தொடக்கக் காலத்துக் கித்தாத் தோட்டங்களில் மரத்தடியில் ஒரு புல் இருக்கக் கூடாது என்பது துரைமார் சட்டம். பெண்களும் பிள்ளைகளும் வரிசையாகக் குந்திப் புல் வெட்டினார்கள். களை என்று துரை சொன்னதைக் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்து கடைந்து வைத்தாள் நம் பூட்டி. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கண்ணில் படாதபோது மரவள்ளிக் கிழங்கும் இந்த மாதிரிக் கீரைகளும்தான் உயிரைப் பிடித்து வைத்தன. என் தாயார் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கீரைப் பானையைத் தொட்டுக் கும்பிடுவார்.

யுத்தத்துக்கு முந்திய மலாயாத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைக் காய்கறி போடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்பது அது. எத்தனை தோட்டத்தில் ஒழுங்காகக் கொடுத்தார்கள் என்பது வேறு சங்கதி. ஆனால் கூலி கொடுத்தால் மட்டும் போதாது, சட்டியில் போடவும் மண் வேண்டும் என்பது வெள்ளைக்காரன் சட்டத்துக்கே தெரிந்திருந்தது!

இன்றைக்கு நிலைமை என்ன? தோட்டங்கள் துண்டாகி வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டன. டுரியான் துங்காலில் மலாக்காத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமே எழுந்து நிற்கிறது. படிப்பு வரட்டும், வேண்டாம் என்று யார் சொல்வார்? நம்மவர்களில் பாதிப் பேர் தாமானுக்குப் போய்விட்டார்கள். முன் வாசலுக்கும் சிமெண்டு, பின் வாசலுக்கும் சிமெண்டு. லயத்தில் மிச்சம் இருப்பவர்களுக்கு மண் இருக்கிறது, ஆனால் அந்த மண்ணில் என்ன தெளித்திருக்கிறது என்று தெரியாது.

இந்தக் கீரையினால் உடம்புக்கு என்ன லாபம் என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். பச்சையாக நூறு கிராம் எடுத்தால் கால்சியம் இருநூறு மில்லிகிராமுக்கு மேல், இரும்பு இரண்டு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல், வைட்டமின் சி நாற்பது மில்லிகிராம் போல இருக்கும். கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ-யாக மாறும் சத்தும், கர்ப்பிணிக்கு வேண்டிய ஃபோலேட்டும் உண்டு. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்கு ரத்தசோகை. பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் காய்கறி, பழம் போதிய அளவு சாப்பிடுவதில்லை. பின்புறம் சும்மா நிற்கும் கீரையை மிதித்துக்கொண்டு போய் இன்ஸ்டன்ட் மீ வாங்கி வருகிறோம்.

ஆனால் ஒன்று. "கீரை சாப்பிட்டால் ரத்தம் ஊறிவிடும், மாத்திரை வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு பெண்ணுக்கு நாளைக்கு இருபது மில்லிகிராமாவது இரும்பு சாப்பாட்டில் வேண்டும். கீரையில் உள்ள இரும்பில் உடம்பு பிடித்துக்கொள்வது கொஞ்சம்தான். ரத்தசோகை என்று கிளினிக்கில் சொன்னால் மாத்திரையை முழுக்கோர்ஸ் முடியுங்கள். அதிக மாதவிலக்கா, கொக்கிப்புழுவா என்று காரணத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்த காலத்தில் தோட்டத்து ஆளின் ரத்தத்தைக் குடித்தது அந்தப் புழுதான்.

கீரையின் இரும்பை உடம்பு நன்றாகப் பிடிக்க வேண்டுமானால் புளிப்பு வேண்டும். இறக்கிய பிறகு லீமாவ் கஸ்தூரி ஒன்றைப் பிழிந்து விடுங்கள். நெத்திலி கொஞ்சம் சேர்த்தால் ருசியும் கூடும், இரும்பு பிடிப்பதும் கூடும். ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் அவிக்க வேண்டாம்; வைட்டமின் ஏ-க்கு எண்ணெய் துணை வேண்டும். இன்னொன்று சொன்னால் அடிக்க வருவீர்கள். சாப்பாட்டோடு சாப்பாடாகத் தேத்தண்ணி குடிக்காதீர்கள்! தேயிலையின் துவர்ப்பு இரும்பைக் கட்டிப் போட்டுவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். எனக்கே இது முடியாத காரியம், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

சர்க்கரை வியாதி முற்றிச் சிறுநீரகம் கெட்டவர்களும், டயாலிசிஸ் செய்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்தக் கீரையைத் தொட வேண்டாம். இதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீர்க் கல் உள்ளவர்களுக்கு இதிலுள்ள ஆக்சலேட் ஆகாது. நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் இரண்டும் குறையும், ஆனால் வைட்டமின் சி-யும் சேர்ந்து போகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கீரைத் தண்ணீர் கொடுக்கவே கூடாது. மாட்டுச் சாணியிலும் உரத்திலும் கொழுத்து வளர்ந்த கீரையில் நைட்ரேட் என்ற உப்பு ஏறியிருக்கும். மாடே இதை அளவுக்கு மேல் மேய்ந்து சாகிறதுண்டு. பழைய கீரையைச் சுட வைத்துச் சாப்பிடாதே என்று பெரியவர்கள் சொன்னதிலும் அர்த்தம் இருக்கிறது. வெளியில் வைத்த கீரையில் அந்த உப்பு கெட்ட உப்பாக மாறும்.

இனி முக்கியமான விஷயம்.

எண்பதுகளில் ஒரு நாள் மாலை, ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் வாந்தியும் வயிற்று வலியுமாக என்னிடம் வந்தார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்றேன். "கீரைதான் ஐயா, கெட்டுப் போன எதையும் சாப்பிடல" என்றாள் அந்தத் தாய். எங்கே பறித்தாய்? லயத்துப் பின்னால் லோங்காங்கு ஓரம். காலையில் அங்கே புல்லு மருந்து அடித்த கூட்டம் போயிருக்கிறது. அவள் வெட்டுக்குப் போயிருந்தாள், பார்க்கவில்லை. மதியம் வந்து பச்சைப் பசேலென்று நின்றதைப் பறித்து, நன்றாகக் கழுவித்தான் சமைத்திருக்கிறாள். ஸ்டோரில் போய் என்ன மருந்து என்று கேட்டால் வேறு டின்னில் மாற்றி ஊற்றி வைத்திருந்தார்கள், லேபிள் இல்லை. மூவரையும் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சில நாள் வைத்திருந்து நல்லபடியாகத் திருப்பி அனுப்பினார்கள். கடவுள் காப்பாற்றினார் என்று எல்லோரும் சொன்னார்கள். மருந்து அடித்த சேதியை லயத்தில் ஒருவர் வாய் திறந்து சொல்லியிருந்தால் கடவுளுக்கு அந்த வேலை இருந்திருக்காது.

இதில் புரிந்துகொள்ள வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய பாராகுவாட் மருந்து பட்ட இலை வெயிலில் சீக்கிரமே வாடிக் கருகும். மறுநாள் பார்த்தாலே 'இது மருந்து பட்டது' என்று தெரிந்துவிடும். கிளைபோசேட் அப்படியில்லை. அது இலை வழியாக உள்ளே இறங்கி, தண்டுக்குப் போய், வேருக்குப் போய், செடியை மெல்ல மெல்லக் கொல்லும். ஒரு வாரம் வரைக்கும் செடி பச்சையாகவே நிற்கும்! பார்த்தால் நல்ல கீரைதான், தளதளவென்று இருக்கும். மருந்து இலைக்கு மேல் இல்லை, இலைக்கு உள்ளே இருக்கிறது. கழுவினால் போகாது. கொதிக்க வைத்தாலும் போகுமென்று நம்ப முடியாது. 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் குழு கிளைபோசேட்டை 'மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும்' என்ற வரிசையில் வைத்தது. வேறு அரசாங்க அமைப்புகள் சில அதை ஒப்புக்கொள்ளவில்லை, அந்த வழக்கு இன்னும் ஓடுகிறது. அது எப்படி முடிந்தாலும் சரி, சட்டியில் போடுவதற்காகச் செய்த சாமான் அது இல்லை.

பாராகுவாட் கதை நமக்குத் தெரிந்த கதை. தோட்டத்தில் முதுகில் பம்பு தூக்கி மருந்து அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். மூக்கில் ரத்தம், நகம் கழன்று விழுதல், தோல் வெந்து போதல், கண் எரிச்சல் எல்லாவற்றையும் அனுபவித்தவர்கள் நம் அக்கா தங்கைகள். ஐரீன் பெர்னாண்டஸ் நடத்திய தெனாகனித்தா அமைப்பு தோட்டத்துப் பெண்களைக் கேட்டு 2002-இல் அறிக்கை வெளியிட்டது. அதே வருஷம் அரசாங்கம் பாராகுவாட்டைத் தடை செய்தது. 2006-இல் அந்தத் தடையைத் தளர்த்தியது. பிறகு 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுத் தடை வந்தது. நடுவில் போன வருஷங்களை யார் திருப்பிக் கொடுப்பார்? அந்த மருந்து போனதும் வேறு மருந்து வந்தது. புதுப் பெயர், புது டின், அதே பம்பு.

மருந்து அடிப்பவர் வீட்டில் இன்னொரு வழியும் உண்டு. வேலை முடிந்து வந்து, பம்பைக் கழுவிய தண்ணீரை எங்கே கொட்டுகிறோம்? துணி துவைக்கும் கல்லடியில். அங்கேதான் கீரை செழித்து நிற்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? மருந்துத் துணியைத் தனியாகத் துவையுங்கள். பம்பை லயத்துப் பக்கம் கொண்டுவரவே விடாதீர்கள், மருந்துக் கொட்டகையிலேயே கழுவ வேண்டும். காலியான தோமில் தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கம் இன்னும் சில வீட்டில் இருக்கிறது. தயவு செய்து அதை உடைத்துப் போடுங்கள்.

தாமானுக்குப் போனவர்கள் "நாங்க தப்பிச்சோம்" என்று நினைக்க வேண்டாம். மண்ணில் ஈயம், காட்மியம் போன்ற கெட்ட உலோகம் இருந்தால் அதையும் இழுத்து இலையில் ஏற்றிக்கொள்ளும் குணம் இந்தக் கீரை ஜாதிக்கு உண்டு. பழைய பேட்டரி உடைக்கும் இடம், கார் பட்டறையின் பின்புறம், தொழிற்சாலைக் கழிவு போகும் கால்வாய்க் கரை, பெரிய சடக்கின் ஓரம், இங்கே வளர்ந்த கீரையைப் பறிக்க வேண்டாம். இடம் நல்ல இடமாகவே இருந்தாலும் எலி ஓடும் குப்பை மேடு என்றால் கையுறையோ பையோ போட்டுப் பறித்து, மூன்று தண்ணீரில் அலசுங்கள். எலி மூத்திரக் காய்ச்சல் பொல்லாதது.

1991-இல் டுரியான் துங்கால் அணைக்கட்டு வற்றி மலாக்கா மாநிலமே தண்ணீருக்குத் தவித்தது பெரியவர்களுக்கு மறந்திருக்காது. லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றோம். அந்த வறட்சியில் எங்கள் லயத்துப் பக்கம் வாடாமல் நின்றது, குளித்த தண்ணீர் போகும் வழியில் இருந்த குப்பைக்கீரைதான். அன்று அதைப் பறிக்க எனக்குப் பயம் இருந்ததில்லை. அந்த மண்ணுக்கு யார் என்ன ஊற்றினார்கள் என்று எங்களுக்குத் தெரியும். இன்றைக்கு லயத்தில் கேட்டால் "தெரியாதுங்க, மண்டோர் ஆளு வந்து அடிச்சாங்க" என்கிறார்கள். இந்தத் தெரியாததுதான் எனக்குப் பயம்.

ஆகவே என் அபிப்பிராயத்தைப் பளிச்சென்று சொல்கிறேன். லயத்தைச் சுற்றி, ஆயாக் கொட்டகையைச் சுற்றி, கோயிலைச் சுற்றிப் புல்லு மருந்து அடிக்கக் கூடாது. அங்கே மிஷினால் வெட்டட்டும், கத்தியால் வெட்டட்டும். அதற்குக் கூடுதலாக இரண்டு ஆள் சம்பளம் ஆகுமா? ஆகட்டும். மற்ற இடங்களில் அடிப்பதானால் முதல் நாளே சொல்ல வேண்டும். என்ன மருந்து, எந்தப் பக்கம், எந்தத் தேதி என்று பெரட்டிலேயே அறிவிக்க வேண்டும். காகிதத்தில் ஒட்டினால் மட்டும் போதாது, மழையில் நனைந்துவிடும். கமிட்டிக் கூட்டத்தில் சம்பளம், போனஸ், வீடு பழுது எல்லாம் பேசுகிறோம். இதையும் ஒரு விஷயமாக வைத்துப் பேசுங்கள். "கீரைக்குப் போயி மானேஜர்கிட்ட பேசணுமா?" என்று வெட்கப்பட்டால், அந்த மூன்று பேர் வாந்தியோடு வந்த மாலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

முறை வைத்து மருந்து அடிக்கிற இடத்தில் எந்த மாதத்திலும் கீரை பறிக்கவே கூடாது. எப்போதாவது ஒரு தரம் அடித்த இடமென்றால், நின்ற செடியெல்லாம் செத்து, மழை பெய்து, புதிதாக முளைத்து வருவது வரை காத்திருங்கள். நான் என் வீட்டில் அதையும் செய்வதில்லை, வேறு இடம் தேடிக்கொள்வேன். மருந்து பட்டதைச் சாப்பிட்டுவிட்டோம் என்று சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிச்சக் கீரையையும் மருந்து டின்னின் லேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள். பினாங்கில் உள்ள தேசிய விஷ மையத்தைக் கேட்டு டாக்டர்கள் வைத்தியம் பார்ப்பார்கள். மருந்தின் பெயர் தெரிந்தால் அவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

சிமெண்டு வாசல்காரர்களுக்கும் ஒரு வழி உண்டு. முற்றிய குப்பைக்கீரைக் கதிரை ஒரு பழைய செய்தித்தாளில் தட்டினால் கறுப்பு விதை கொட்டும். ஒரு அடி ஆழமுள்ள ஏதாவது ஒரு பெட்டியில் (மருந்துத் தோம் வேண்டாம்!) நல்ல மண்ணும் மக்கிய சாணியும் போட்டு மேலாகத் தூவுங்கள். ஆழமாகப் புதைத்தால் வராது, அதற்கு வெளிச்சம் வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம். நுனியைக் கிள்ளக் கிள்ளக் கிளைக்கும். பூ வரும்முன் பறித்தால் நார் இருக்காது.

கடைசியாக ஒரு சின்ன சம்பவம். மச்சாப் பக்கம் ஒரு லயத்தில் நம் பெண்கள் நாலு பேர் சேர்ந்து, தாங்கள் கீரை பறிக்கும் இடத்தைச் சுற்றி நாலு மூலையிலும் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். எழுதி வைக்கவில்லையா என்று கேட்டேன். "மருந்து அடிக்கிற தம்பி வங்காளதேசத்துக்காரரு ஐயா, நம்ம எழுத்து அவருக்குத் தெரியாது. துணின்னா தெரியும்" என்றார் ஒரு பெரியம்மா. கம்பு நட்ட முதல் நாளே அந்தத் தம்பியைக் கூப்பிட்டுச் செடியைக் காட்டி, வாயில் போட்டு மெல்வது போல ஜாடை செய்திருக்கிறார். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "ஷாக், ஷாக்" என்றாராம். அவர் ஊரிலும் இதைச் சமைக்கிறார்கள். வங்காளத்தில் கீரைக்கு ஷாக் என்று பெயர். அன்றிலிருந்து பம்போடு வரும்போது அந்தச் சிவப்புத் துணியைச் சுற்றிப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை பம்பு இல்லாமல் வருவார். பெரியம்மா ஒரு கட்டுக் கீரை பறித்து, மேலே இரண்டு பச்சை மிளகாயும் வைத்துக் கொடுத்து அனுப்புகிறார்.